இரண்டாவது டிஸ்க்

இன்று டிவி மேசையின் கீழ்த்தட்டை ஒழித்தபோது, பழைய துணிக்கு நடுவிலிருந்து அந்த டிஸ்க் வந்து விழுந்தது. பார்த்ததும் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, அதுவும் உன்மேல்.

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் நமக்கு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். நம் வீட்டுக்காரர்கள் ஃபேக்டரியில் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்ட சனிக்கிழமை மதியங்களில் உன் வீட்டில் படம் ஓடும். போஸ்ட்மாஸ்டர் மகளும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் சர்வேயரும் காதலிக்கும் அந்தப் பழைய நாவல் நம் இரண்டு பேருக்கும் மனப்பாடம். அதைத் தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் படமாக எடுத்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிமோட்டில் நிறுத்திச் சண்டை போடுவோம். தமிழ்ப்பட ஹீரோ கால் தாங்கவே மாட்டார் என்பது உனக்கு ஆறாத கோபம்.

"நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கான் பாரு, ஏட்டி. இவன் நெலம் அளக்கவா போறான்? கபடி ஆடல்லா போறான்!"

தெலுங்குக்காரர் ஒழுங்காகத் தாங்கி நடந்தார். அதற்காக அவர் அழுத அத்தனை அழுகையையும் நீ மன்னித்தாய். நான் தமிழ்க் கதாநாயகி பக்கம். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் பேசாமல் அரிசி புடைப்பாளே, அந்த ஒரு இடத்துக்காக. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி இந்தப் படங்களைப் பார்க்கக் கூடாது என்பது நாம் வைத்திருந்த ஒரே சட்டம்.

படத்தைத் திரும்ப எடுத்தால் யார் யார் நடிக்க வேண்டும் என்று டவுன்ஷிப் ஆட்களுக்கே வேஷம் கொடுப்பதும் உன் வழக்கம். எனக்கு எப்போதும் நாத்தனார் வேஷம்தான். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வேன். கதாநாயகி இடத்தில் நீ யாரையும் போடாததால் அது எனக்கு வலிக்கவில்லை.

அப்புறம் நித்யா வந்தாள். சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே வாடகைக்கு இருந்த பெண். அந்த நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவள் உன் வீட்டுக்கு மோர் வாங்க வந்த அன்று, என்னை வைத்துக்கொண்டே சொன்னாய்: "இவளத்தான்டி போஸ்ட்மாஸ்டர் மகளாப் போடணும். கண்ணப் பாரு."

எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்தைந்து வயதில் இதற்கெல்லாம் எரியுமா என்றால், எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது தமிழ்ப்படம் பாதி ஓடியிருந்தது. என் நாற்காலியில் நித்யா.

"மொத டிஸ்க்தான் போட்டேன். நமக்குத் தெரியாத கதையா? வா, உக்காரு."

நீ காப்பி போட எழுந்தாய். நித்யா போன் பேச வாசலுக்குப் போனாள். நான் இரண்டாவது டிஸ்க்கை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அரிசி புடைக்கும் காட்சி அதில்தான் இருக்கிறது. அதை அவளோடு சேர்ந்து நீ பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. நீ சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினாய். நானும் குனிந்து கூடவே தேடினேன். கடைசியில், "போகட்டும், நக்கோ, வேண்டாம்" என்று டிவியை அணைத்தாய். என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அதற்குப் பிறகு நாம் தெலுங்குப் படத்தை மட்டும்தான் பார்த்தோம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி வாசம் வந்துவிட்டது. கடைசி வாரத்தில் ஒருநாள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "திரும்ப எடுத்தான்னா, நம்ம லைப்ரரில புஸ்தகம் அடுக்குவாருல்லா, அவரப் போடணும்ட்டி. அவரு நடைதான் சர்வேயர் நடை" என்றாய். அந்த நிலையிலும் நான் கதவைத்தான் பார்த்தேன், நித்யா வருகிறாளா என்று.

போன வாரம் அவள் போன் செய்தாள். அந்த நாவலை இப்போது சீரியலாக எடுக்கிறார்களாம். "ஆன்ட்டி இருந்திருந்தா ஹீரோவா யாரச் சொல்லியிருப்பாங்க? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டு மூக்கை உறிஞ்சினாள். உன்னை நினைத்து அழுகிறாள் என்று புரிந்தது.

"இல்லையேம்மா, ஒண்ணும் சொல்லலை" என்றேன்.