திரும்பும் இடத்தில் நிற்கும் வீடியோ

பெரியவனின் அம்மாவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

1. என் உடம்பு.
2. வீடியோ நின்றுபோனதற்கு பிரவுசரே காரணம்.
3. அவன் கடைசியில் சொன்னது.

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெரியவன் இறப்பதற்கு முந்தைய நாள் நம் வாசலில் எடுத்த வீடியோவில், அவன் பேசுவது உன் காதில் சரியாக விழவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நான் வேலை பார்க்கும் கிடங்கு அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். வண்டியருகே போய் அவன் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது. பிரவுசரில் சேர்ந்திருந்த கேஷை அழித்தேன்; பிரவுசரைப் புதுப்பித்தேன்; வேறு பிரவுசரிலும் முயன்றேன். அதே இடம்தான். பாதி திரும்பிய முகத்தோடு அவன் திரையில் காத்திருந்தான்.

பக்கத்து மேசைக் கணக்காளர் அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பிரவுசரைத் திட்டாதீங்க சார், அது பாவம். கீபோர்டை இப்படிக் குடுங்க."

வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடியோ முழுதாக ஓடியது.

"அம்மா, கதவைத் தாழ் போட்டுடாத. வந்துடறேன்" என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான்.

இதை உனக்கு எழுதலாமா என்று இன்னும் தயக்கமாக இருக்கிறது. என் அறைக் கதவைத் தாழிட இப்போது கை வருவதில்லை. காற்றில் அது அசைந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீ தாழிட்டே தூங்கு. முடிந்தால் உன் பழைய போர்வை ஒன்றை அனுப்பு, புதிது வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். இரண்டாவதாக எழுதியது தவறு. பிரவுசரில் கோளாறே இல்லை. அவன் திரும்பும்போதெல்லாம் ஸ்பேஸ் பாரை அழுத்தி வீடியோவை நிறுத்தியது என் விரல்தான்.