உடோனை வெட்டிக் கொடுங்கள்

சுசுனேயின் அப்பாவுக்கு,

இன்று மாலை நான்கு மணிக்கு சுசுனேயைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். மூக்கு மருத்துவரின் கடிதம் காலணி அலமாரி மேல் இருக்கிறது. மூக்கடைப்பு தீராமல் அவள் வாயால் மூச்சு விடும்வரை, கம்பி போட்டுச் சரிசெய்தாலும் பற்கள் மறுபடி விலகிவிடுமாம்.

மதியத்துக்கு உடோன் நூடுல்ஸ். கத்தரியால் வெட்டிக் கொடுங்கள். நேற்றுபோல், "வாயில தொங்க விட்டுக்கிட்டே உக்காராதடி, கடி!" என்று அதட்டாதீர்கள். அவளுக்கு மேல் கீழ் முன்பற்கள் சேர்வதில்லை. கடித்தாலும் அறுபடாது.

"வளர்ற பிள்ளை, தன்னால சரியாயிடும்" என்றீர்கள். ஆகாது. தயவுசெய்து போய்வாருங்கள்.

மிசாகி

பி.கு.: நான் வாயைப் பொத்திச் சிரிப்பதை அடக்கம் என்று எல்லோரிடமும் மெச்சுகிறீர்கள். அது அடக்கம் இல்லை. உடோனையும் கடைவாயில்தான் கடிக்கிறேன். தன்னால் சரியாகும் என்றுதான் என் அப்பாவும் சொன்னார். எனக்கும் முன்பற்கள் சேர்வதில்லை.