பேக்கிங் பிரிவின் பத்துப் பெண்கள்

சென்னை
4.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகலட்சுமி எழுதுவது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் சிபாரிசில் கிடைத்த கம்பெனி இணையதள வேலை பாதி முடிந்தது. இனி வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஆபீஸ்காரர்களே பட்டாசு விலையையும் படங்களையும் மாற்றிக்கொள்ளலாம். பழைய தளத்துப் படங்களைப் புதியதில் ஏற்றும்போது ஒன்று கண்ணில் பட்டது. கம்பெனிச் சீருடையில் பத்துப் பெண்கள். கீழே ‘எங்கள் பேக்கிங் பிரிவு’ என்று இருக்கிறது. மூன்றாவதாக முத்துப்பேச்சி சித்தி, சிரித்துக்கொண்டு. எடுத்த தேதி, வெடிவிபத்தில் அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு.

“அந்தப் பொம்பள நம்ம கம்பெனி ஆளே இல்ல. யாரையோ பாக்க வந்துச்சு” என்றுதானே ஃபோர்மேனாக விசாரணையில் சொன்னீர்கள்?

வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
யோகலட்சுமி

ஏழாயிரம்பண்ணை
11.8.2025

அன்பு மகளுக்கு,

இருமல் தேவலை. அம்மா காராச்சேவு அனுப்பியிருக்கிறாள்.

விளக்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு முதலாளி கூப்பிட்டார். “கருப்பணா, பதிவுல இல்லாத ஆளு செத்ததுன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். இருநூறு குடும்பம் தெருவுல நிக்கும்” என்றார். சொல்லிவிட்டேன். அப்போது உனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். பழியை உன்மேல் போடவில்லை, பயந்தவன் நான்.

அவள் புருஷன் சங்கையா நிவாரணம் கேட்டு இரண்டு வருஷமாக விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு அலைகிறான். எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

அந்தப் படத்தை அழித்துவிடு, தாயி. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

அப்பா

சென்னை
18.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று நாள் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழிக்கக் கை வரவில்லை. நேற்று முதலாளி மகன் ராம்குமார் பேசினார். ‘எங்கள் தொழிலாளர் ஒருவருக்கும் இதுவரை விபத்து நேர்ந்ததில்லை’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் வேண்டுமாம். என்னால் முடியாது என்று வேலையை விட்டுவிட்டேன்.

படத்தைத் தேதியோடு அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கையா சித்தப்பாவுக்கு நானே அனுப்பியிருக்கலாம். உங்கள் கையால் போகட்டும் என்று நினைத்தேன். இல்லையென்றால் மாதக் கடைசியில் நான் வந்து கொடுப்பேன். கோபத்தில் எழுதவில்லை அப்பா.

யோகலட்சுமி

ஏழாயிரம்பண்ணை
29.8.2025

அன்பு மகளுக்கு,

கொடுத்துவிட்டேன். நான் சொன்னது பொய் என்று வக்கீலிடம் எழுதியும் கொடுத்தாயிற்று. என்மேல் வழக்கு வரலாம் என்கிறார். கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாக என்மேல் கோபம். சோறு மட்டும் வைக்கிறாள்.

சங்கையா வாசலிலேயே “உள்ள வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?” என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிப் படத்தை நீட்டினேன். அடிப்பான் என்று நினைத்தேன். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

“இவ சிரிச்ச போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லண்ணே” என்றான்.

அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வந்துவிட்டேன்.

அப்பா