இராசமலரின் தும்மலும் நாங்கள் மறைத்ததும்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
20-5-1962

அன்பு மகன் யோகநாதனுக்கு ஐயா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி இராசமலரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் விமலேஸ்வரியும் அந்தப் பண்டாரவளைக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கும் நேரமெல்லாம் மன்றாடுகிறா. இரணைமடுக் குளத்தில் இந்த முறை தண்ணீர் மட்டாகத்தான் நிற்கிறது, அதனால் சிறுபோகத்துக்குப் பாதிக் காணிதான் விதைத்திருக்கிறேன், சிவலைப் பசு நாகுகன்று போட்டிருக்கிறது. உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன், அம்மாவுக்குப் பாதியைத்தான் வாசித்துக் காட்டினேன். மருமகள் விடிய எழும்பினால் முப்பது நாற்பது தும்மல் தும்முகிறாள், மூக்கால் ஓயாமல் வடிகிறது, கண் சிவந்து வீங்குகிறது, பக்கத்துக் குவாட்டர்ஸ் பெண்கள் கசம், சயரோகம் என்று கதைக்கிறார்கள், அவளைப் பெற்ற முள்ளியவளையார் வருத்தத்தை ஒளித்து உன் தலையில் கட்டிவிட்டார்கள், அடுத்த மாதம் அவளை ரெயிலில் கொண்டுவந்து மாங்குளம் ஸ்டேசனில் தகப்பனிடம் ஒப்படைக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். மகன், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்துபோனவன் எழுதிய கடிதம் என்று எனக்கு விளங்குகிறது, கல்யாணம் முடித்து எட்டு மாதத்தில் ஊர்விட்டு ஊர் போன இடத்தில் துணைக்கு ஒரு பெரிய மனுசரும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் தனியாகக் கிடந்து தவிக்கிறீர்கள். ஆனால் அவளை ரெயில் ஏற்றுமுன் இதை முழுக்க வாசி. உனக்கு எழுதாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இந்த வீட்டில் நடந்தது.

மாசி மாதம் பளையிலிருந்து தங்கச்சியைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாத்தியார், அடக்கமான பிள்ளை, எனக்கும் அம்மாவுக்கும் நல்லாய்ப் பிடித்திருந்தது. அது சூடு மிதித்து முடித்து நெல்லுத் தூற்றிக்கொண்டிருந்த நேரம், இராசமலர் விடியத் தொடங்கி அம்மாவோடு களத்தில் நின்று தூசிக்குள் வேலை செய்துவிட்டு அவசரமாய்க் குளித்து உடுத்திக்கொண்டு வந்தவள். தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றதும் அவளுக்குத் தும்மல் தொடங்கிவிட்டது. ஒன்று இரண்டு இல்லை, பன்னிரண்டு பதின்மூன்று தும்மல், தேத்தண்ணி தட்டில் கொட்டுப்பட்டு, கண்ணால் தண்ணி ஓடி, பிள்ளை முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றாள். மாப்பிள்ளையின் தாய் கதிரையைப் பின்னுக்கு இழுத்தா. மரியாதையாய்ச் சொல்லிக்கொண்டுதான் போனார்கள், நாலு நாளில் தரகர் வந்து, பொம்பிளைக்கு நெஞ்சு வருத்தம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம் என்றார். குசினிக்குள் நின்ற தங்கச்சிக்கு அது கேட்டிருக்கிறது. அடுத்த நாள் அவள் சோறு தின்ன ஒரு கோப்பையையும் தண்ணி குடிக்க ஒரு மூக்குப்பேணியையும் தனியாய் எடுத்து வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள், பாயைச் சுருட்டிக்கொண்டு நெல்லுச் சாக்கு அடுக்கியிருந்த அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் அவளைப் போகச் சொல்லவில்லை. போகாதே பிள்ளை என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னைச் சுடுவது அதுதான் மகன், கசம்தானோ என்ற பயம் எங்களுக்குள்ளும் இருந்தது. அந்தச் சாக்கு அறைக்குள் போன பிறகு தும்மல் இரட்டிப்பானது, மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டாள், ஒரு மாதத்தில் பாதியாய்ப் போனாள். கடைசியில் அம்மாதான், நீங்கள் வராவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சீலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டா.

மூன்று பேரும் காலை ரெயிலில் வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போனோம். நெஞ்சைப் படம் பிடித்துவிட்டு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள், அந்த ஏழு நாளும் இந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரும்பப் போனபோது ஒரு இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாய் இருக்கிறது, கசம் இல்லை என்று சொன்னார். தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் அம்மாவோடை இருந்து சாப்பிடலாமோ?" என்று கேட்டாள். டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்து, இது தூசி, புகை, பஞ்சு இப்படியானவற்றைச் சிலருடைய உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் தும்மித் தள்ளுகிற வருத்தம், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவது என்று விளங்கப்படுத்தினார். வீட்டில் வேறு யாருக்காவது தும்மல், மூச்சு இழுக்கிற தொய்வு, தோல் கடி சொறி இருந்ததா என்று கேட்டார். நான் ஒருவருக்கும் இல்லை என்றேன். அப்போது உன் அம்மா, இருபத்தெட்டு வருசத்தில் பிற மனுசருக்கு முன்னால் என்னை மறித்துப் பேசாதவ, "ஏன் மறைக்கிறியள்? உங்கடை தம்பி இளையதம்பி தொய்விலைதானே செத்தவர். எங்கடை மூத்தவனும் சின்னனிலை இப்பிடித்தானே" என்றா. மகன், அது உண்மை. உனக்கு நினைவு இருக்காது, அஞ்சாம் வகுப்பு வரையும் நீ விடியற்காலையில் தும்மித் தும்மி மூக்குச் சிவந்து பத்து மணிக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் போவாய், சளி தடிமன் மாறாத பிள்ளை என்று வாத்தியார் உன்னைக் கடைசி வாங்கில் இருத்தினார். வளர வளர அது தன்பாட்டில் விட்டுவிட்டது. சிலருக்கு அப்படிச் சின்ன வயதில் வந்து போகும், சிலருக்குப் பெரிய ஆளான பிறகுதான், இடம் மாறிப் போகும்போது கூட, புதிதாய்த் தொடங்கும் என்றும் டொக்டர் சொன்னார். மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பத்து நாளும் ஒரு தும்மல் தும்மினதாய் அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் ஞாபகம் இல்லை. அவர்கள் ஒளித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? ஒளித்தது நான். உன் கல்யாணப் பேச்சின்போது விமலேஸ்வரியின் தகப்பன் இந்த வீட்டில் இருந்து, உங்கள் பக்கத்தில் ஏதும் பரம்பரை வருத்தம் உண்டோ என்று மரியாதையாய்க் கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்றேன்.

டொக்டர் அதோடு விடவில்லை. வீட்டில் சுருட்டுப் பத்துகிறது யார் என்று கேட்டார். என் சேட்டுப் பையில் இருந்த சுருட்டின் மணம் அவருக்கு முன்னமே அடித்திருக்கும். "புகைக்குள்ளை கிடக்கிற மூக்கு ஆறாது ஐயா" என்றார், அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் பிறந்த நாள் தொட்டு நான் தலைமாட்டில் இருந்து சுருட்டுப் பத்தியிருக்கிறேன், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் பத்தியிருக்கிறேன், இருமினால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியைப் பத்தியிருக்கிறேன். ரெயிலில் திரும்பி வரும்போது அதெல்லாம் ஒன்றொன்றாய் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே தங்கச்சியின் பாயை முன் அறைக்குக் கொண்டுவந்து போட்டோம், இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிட்டுப் பழைய சீலைகளை மடித்து உறை போட்டோம், அதைக் கிழமைக்கு ஒருக்கால் அவித்துத் தோய்த்து வெயிலில் காயப் போடுகிறா அம்மா. அடுப்புக்கு மேலே சுவரை உடைத்துப் புகை போக வழி விட்டிருக்கிறேன். நெல்லுக் கிண்டும் வேலைக்கு அவளை விடுவதில்லை. டொக்டர் தந்த குளிசை நித்திரையைக் கொண்டுவருகிறது, ஆனால் தும்மலை மட்டுப்படுத்துகிறது. சுருட்டை முற்றாக விட்டேன் என்று எழுதினால் பொய், வாய்க்கால் கட்டில் போய் நின்று பத்திவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருகிறேன், நாளுக்கு ஒன்றாய்க் குறைத்திருக்கிறேன். பிள்ளைக்கு முழுக்க மாறவில்லை, மழைக்குணம் வந்தால் நாலைந்து தும்மல் இருக்கும். ஆனால் முகம் தெளிந்துவிட்டது, தாயும் மகளும் ஒன்றாய் இருந்து சாப்பிடுகிறார்கள், போன கிழமை அம்மாவின் கோப்பையிலிருந்து மீன் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தாள், நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

சித்திரை வருசம் கழிந்து, கசம் இல்லை என்று எழுதித் தந்த ஆசுப்பத்திரித் துண்டையும் எடுத்துக்கொண்டு பளைக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பன் என்னைக் கதிரையில் இருத்தித் துண்டை வாசித்தார், கேள்விப்பட்டது பிழைதான் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் வேறு இடத்தில் சரிவந்துவிட்டது என்றார். பஸ் ஆனையிறவுக்கு வந்தபோது உப்புக் காற்று முகத்தில் அடித்தது, பக்கத்தில் இருந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு யன்னலைச் சாத்தட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். எங்கள் பிள்ளைக்குப் பளையார் செய்ததை நான் வளர்த்த பிள்ளை இன்னொருவர் பிள்ளைக்குச் செய்யப் போகிறான் என்று அதில் எழுதியிருந்தது.

மகன், மருமகளைப் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. படம் பிடிக்கச் சொல், உன் பயமும் அவள் பயமும் தீரும். அதுவரையில் அவளுடைய கோப்பையைப் பிரிக்காதே, அவளாகப் பிரிக்க வந்தாலும் விடாதே. குவாட்டர்ஸ் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று நீயே முன்பு எழுதியிருந்தாய், அந்தச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடி, கட்டிலை அங்கிருந்து தள்ளிப் போடு, கம்பளியை வெயிலைக் காணும் நேரமெல்லாம் உதறிக் காயவை. அவள் வளர்க்கும் பூனையைப் படுக்கையில் ஏற விடவேண்டாம், துரத்தவும் வேண்டாம், அது ஒன்றுதான் அவளுக்கு அங்கே கதைக்கிற ஆள் என்று அம்மா சொல்லுகிறா. நீ சிகரெட் பழகியிருப்பதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் பத்தாதே, அந்தப் புத்தியைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கு ஒருவர் ஆதரவாய் நெடுங்காலம் வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். படம் பிடித்த விபரத்தை உடனே எழுது, தங்கச்சி தபால்காரரைப் பார்த்தபடி இருக்கிறாள். இதற்குள் இருக்கும் ஒட்டிய உறை மருமகளுக்கு, பிரிக்காமல் அவள் கையில் கொடு. அவளுடைய தகப்பனிடம் நான் சொன்ன பொய்யை அதில் எழுதி, மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல, வெள்ளிக்கிழமை முள்ளியவளைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் ஐயா,
க. அப்புத்துரை