கவிழ்த்து வைத்த டம்ளர்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சிறைச் சாப்பாடு உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று வக்கீல் சொன்னார். கேட்டுக்கொண்டேன். இங்கே நாங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், உன் மனைவியைத் தவிர.

அம்மாவுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. ஆனால் உன் வழக்கு என்றால் மட்டும் எங்கிருந்தோ கால் வந்துவிடுகிறது. வக்கீல் வீட்டுக்கும் பேயோட்டுகிறவர் வீட்டுக்கும் மாறி மாறி நடக்கிறாள். அந்த மனிதரை நீ உள்ளே போகும்வரை நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அவர், உனக்குச் சின்ன வயதிலிருந்தே பேய் பிடிக்கும் என்றும் தானே மூன்று முறை ஓட்டியிருப்பதாகவும் கோர்ட்டில் நாக்கு கூசாமல் சொல்லத் தயாராக இருக்கிறார். மூன்று முறை ஓட்டியும் திரும்பி வந்ததென்றால் இவர் என்னதான் வேலை பார்த்தார் என்று கேட்டேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி அவர் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தன் வேலையைச் செய்கிறார். என்னை உட்காரவைத்து விளக்கினார். பேய் உண்டு என்று நீதிபதி நம்ப வேண்டியதில்லையாம். உன் புத்தி அந்த நேரத்தில் உன்னிடம் இல்லை என்று நம்பினால் போதுமாம். ஜெயிலுக்குப் பதிலாக மனநல மருத்துவமனை, சில வருஷத்தில் வீடு. முதலில் மாடியேறிப் போய்ப் பார்த்தவள் நான் என்பதால் என் சாட்சிதான் எடுபடுமாம். "கண்ணு மேல செருகியிருந்துச்சு, குரல் அவன் குரலே இல்ல. இத மட்டும் சொல்லுங்கம்மா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். 

அதில் பொய் இல்லை. கீழே நான் தையல் மிஷினை நிறுத்தியபோதுதான் மேலே சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். நீ சுவரோரம் உட்கார்ந்து, கண் செருகி, உறுமிக்கொண்டிருந்தாய். உன் மனைவி சமையலறை வாசலில் உயிரில்லாமல் கிடந்தாள். நானும் நம்பினேன். போலீஸிடமும் அப்படியே சொன்னேன். என் தம்பி கை இதைச் செய்திருக்காது, வேறு ஏதோ செய்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

போலீஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு உன் மகளுக்குத் துணி எடுக்க மேலே போனேன். சமையலறை அலமாரியில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் உன் கைக்கடிகாரமும் கல்யாண மோதிரமும் இருந்தன.

கல்யாணமான புதிதில் ரொட்டிக்கடையில் நீ பிசைந்த மாவுக்குள் உன் மோதிரம் போய், ரொட்டியோடு அதைக் கடித்தவர் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த கதையை எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பாய். அன்றிலிருந்து கடையோ வீடோ, மாவில் கை வைக்கும் முன் இரண்டையும் கழற்றி டம்ளரால் மூடி வைப்பாய். மற்றபடி தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாய். உன் மனைவி செத்த அன்றைக்கு உனக்குக் கடை விடுமுறை. வீட்டில் யாரும் மாவு பிசையவில்லை. 

திடீரென்று பிடித்த பேய்க்கு இத்தனை நிதானமா, தம்பி? உன் கடிகாரம் கெட்டுவிடக் கூடாது என்று அதற்கு என்ன அக்கறை? முந்தின நாள்தான் அவள் என்னிடம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விடப் போகிறேன், இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுவேன் என்றாள். பேய்க்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். "அதத் தூக்கிப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இரு. போனவ போயிட்டா, இருக்கறவனையாவது காப்பாத்து" என்றாள். தூக்கிப் போடவில்லை. ஆனாலும் போலீஸிடம் போகக் கால் வரவில்லை. இரண்டையும் தையல் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஊசி எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பியாயிற்றே.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பேய்வீட்டுப் பிள்ளை என்கிறார்களாம். அதையும் பொறுத்துக்கொண்டுதான் போய் வந்தாள். போன வாரம் ஒருத்தி பென்சிலைப் பிடுங்கியிருக்கிறாள். இவளுக்குக் கோபம் வந்து கையை ஓங்கியிருக்கிறாள், அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிஷின் அடியில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "என் கையக் கட்டி விடுங்க அத்தை, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு" என்றாள். உனக்குள் எதுவும் இல்லையடி என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்குள்ளே இருந்தது என்று பாட்டி சொன்னாளே என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வேன், நீயே சொல்.

திங்கட்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். உன் கண் செருகியிருந்ததையும் சொல்வேன், டம்ளரையும் சொல்வேன். இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன், இனி நானே நினைத்தாலும் மாற்றிப் பேச முடியாது. திங்கட்கிழமைக்கு முன் உன் வக்கீலைக் கூப்பிட்டு உண்மையை நீயே சொல்லிவிடு. உனக்கு எதிராக உன் அக்காவை வாய் திறக்க வைக்காதே.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். உன் மகள் எதிரில் ஒருநாள் நின்று, அதைச் செய்தது நான்தான், என்னைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சொல்லும்வரையாவது இருக்க வேண்டும். நான் கட்டிவிடாததால் தானே கையில் சுற்றிக்கொண்ட துணியை அவள் இன்னும் அவிழ்க்க விடவில்லை.

உன் அக்கா