சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு, சோழவந்தானிலிருந்து அம்மா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அந்தத் துபாய் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே என் நலம். போனில் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போய் நாலு மாசம் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு புருஷன் சோணைமுத்து தினமும் விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இருமுகிறான். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது தம்பி. அப்பாவும் அவனும் ஒரே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளினவர்கள், ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் காய்ச்சல். அவள் அவனைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள் என்று கேட்டதும், எம்புருஷனுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நான் பெருமையாகக் கே.கே. நகரில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வாங்கம்மா, உட்காருங்கம்மா என்றார்கள். டாக்டர் ரத்தம் பார்க்கவில்லை. நான்தான் ஊசி போடுங்க சார், ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பு வரட்டும் என்றேன், கேட்டதைச் செய்தார். ஊசி போடாதவரை நம்ம ஊரில் யார் டாக்டர் என்கிறார்கள்? நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, குணமாயிருச்சு போங்க என்றார். அப்பா ரெண்டு இட்லி தின்றுவிட்டு, பாத்தியா ஒச்சம்மா, கண்ணாடிக் கதவுன்னா சும்மாவா என்று கேலிகூடப் பேசினார். மறுநாள் கைகால் ஜில்லிட்டது, வயிறு வலிக்குது என்றார், வேனில் போகும்போதே முடிந்துவிட்டது.

சோணைமுத்துவுக்கும் நாலாம் நாள்தான் காய்ச்சல் விட்டதாம். தங்கப்பொண்ணு கிளம்ப மூட்டை கட்டினாளாம். ஒரு நர்ஸம்மா, இது டெங்கு, காய்ச்சல் விட்ட பெறகுதாம்மா ஆபத்தே, எங்க கிளம்புற, உக்காரு என்று வைதாராம். ரெண்டு வேளையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். அவளுக்குக் கிடைத்த அந்த வசவு எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இன்னும் பொருமுகிறேன்.

நேற்று விடிந்து கொஞ்ச நேரமாகியும் இருமலைக் காணோம். பிடிக்காத சத்தம்தானே, பேசாமல் இருந்திருக்கலாம். தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஓடினேன். அவன் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டு, என்ன மதினி, இம்புட்டு வெள்ளன என்றான். உறைமோர் வாங்க வந்தேன் என்றேன். வீட்டில் பாலே இல்லை, ஒரு கரண்டி மோரோடு திரும்பி வந்தேன்.

மாரியாத்தா உன்னைக் காப்பாள், அப்பாவும் கூட இருப்பார். காய்ச்சல் வந்தால் நீயாக ஊசி கேட்காதே, ரத்தம் பார்க்கச் சொல். வந்த அன்று போன் பண்ணாவிட்டாலும் காய்ச்சல் விட்ட அன்று மறக்காமல் பண்ணு. நான் வைவேன், வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
க. ஒச்சம்மாள்