கல்லாக் கெடந்த கோழி

ஜன. 23, வெள்ளி

காலையில புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டப் போனா விரல் மடங்கல.

மத்தியானம் அக்கா வீட்டு மச்சான் போன், மஸ்கெலியாவுலருந்து. "ஞாயித்துக்கெழம வாறோம். மக கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு வைக்கணும்."

அக்காவும் வருதான்னேன்.

"வரும். பேசுமான்னு தெரியாது."

ரெண்டு வருசமாப் பேச்சில்ல. ஒரு விசேசத்துல, சபையில வச்சு, அக்கா தலையில சவுரி ஆடுது பாருங்கன்னேன். எல்லாரும் சிரிப்பு. சீக்குல முடி கொட்டினது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா சரியாப் போச்சா.

ஜன. 24, சனி

டவுன்ல இஞ்சி, சோம்பு, வெத்தல. முழு ஐஸ் கோழி ஒண்ணு. எம் பொஞ்சாதி செல்வி சொல்லுச்சு, "உள்ளயே சட்டியில தண்ணி ஊத்திப் போடுங்க, ஐஸ் விடட்டும்." பூனை தொல்லை. நான் பையோட வெளிய கூரையோரம் கட்டித் தொங்க விட்டேன்.

ஜன. 25, ஞாயிறு

செல்வி கொழுந்து பறிக்கப் போயிருச்சு. சமையல் என் தலையில. கோழி நேத்து வாங்கினதவிட கல்லு. வெளிய அம்புட்டுக் குளிரு, எங்கருந்து ஐஸ் விடும்.

லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பரா மாரியாயி: "தண்ணியில போட்டுப் பொறுத்து வெட்டுங்கண்ணே. அப்படியே போட்டா உள்ள வேகாது."

"பன்னண்டுக்கு வந்துருவாங்க. ஐஸ் கரைஞ்சா கொழம்புதானே!"

சமையல் கத்தி வழுக்குது. கவ்வாத்துக் கத்திய சுடுதண்ணியில கழுவி அஞ்சு போடு. ஆறு பெரிய துண்டு. நேராச் சட்டிக்கு. நல்ல நெறம், நல்ல வாசம்.

வந்தாங்க. அக்கா தலை நிமிரல. சோறு போட்டேன். அக்காதான் மொதல்ல துண்டப் பிச்சுச்சு. எலும்போரம் ரத்தச் செகப்பு.

"யாரும் வாயில வைக்காதீங்க." சட்டியத் தூக்கிட்டு அடுப்படிக்கு வந்துச்சு. "தள்ளுடா. கோழிய வெட்டினியா, தேயிலைய வெட்டினியா?"

துண்டையெல்லாம் சின்னதா நறுக்கி, மூடி போட்டுச்சு. நான் பக்கத்துல குந்தி, "அன்னிக்கு எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

யோசிச்சேன். என் வாய எனக்குத் தெரியும். சொல்லியிருப்பேன்.

"இனிமே சொல்ல மாட்டேன்."

அக்கா மூடியத் தூக்கிக் கிண்டுச்சு. அப்புறம், "அடுப்ப ஊது, அணையுது."

மூணு மணிக்குத்தான் சாப்பாடு. போறப்ப அக்காவே வெத்தல பாக்குத் தட்ட எங்கிட்ட நீட்டுச்சு.

"தாய்மாமனா வந்து முன்னால நில்லு. அந்த வாய மட்டும் லயத்துலயே வச்சுப் பூட்டிட்டு வா."

பதிலு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.